பத்தீர்: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் தோட்டம் (பாலஸ்தீனம், வரலாறு + நிலவியல்)

#1 மலைப்பாதை

வணக்கம் நண்பர்களே. இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையே 1949-ல் போட்ட போர்நிறுத்தக் கோடு, அதாவது பச்சைக் கோடு, எங்கே போகிறது என்று வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எருசலேமைத் தாண்டித் தென்மேற்கே ஓர் இடத்தில் கண் நின்றுவிட்டது. பத்தீர் என்று ஒரு சின்ன ஊர். பெத்லகேமுக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம்.

விஷயம் என்னவென்றால், ஊரின் நிலத்தில் குறைந்தது முப்பது சதவீதம் கோட்டுக்கு அந்தப் பக்கம், இஸ்ரேல் பகுதியில் இருக்கிறது. மற்ற ஊர்களில் அப்படிப் போன நிலம் போனதுதான். இந்த ஊர்க்காரர்கள் மட்டும் 1949-க்குப் பிறகும் கோட்டைத் தாண்டிப் போய்த் தங்கள் தோட்டத்தில் வேலை செய்தார்கள். நடுவில் சுவர் கிடையாது. ஒரு ரயில் தண்டவாளம்தான் இருக்கிறது.

இந்த ஊரைக் காப்பாற்றியது ரயில் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் வாருங்கள், பேசுவோம்.

#2 நூலகப்பூச்சி

நல்ல இழை. முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். இந்த ஊரில் நடந்ததெல்லாம் மண்ணின் அமைப்பினால் நடந்ததுதான்.

எருசலேமின் தென்மேற்கிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. விவிலியம் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமாயிருக்கும்: ரெப்பாயீம் பள்ளத்தாக்கு. அது மேற்கே போய் சோரேக் ஓடையில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. மலைமேல் இருக்கும் எருசலேமுக்கும் கீழே கடற்கரைச் சமவெளிக்கும் இடையே இயற்கை வெட்டிவைத்த வழி இது. பத்தீர் இந்தப் பள்ளத்தாக்கின் தென் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வாதி மக்ரூர் என்ற இன்னொரு பள்ளத்தாக்கும் அதே வட்டாரத்தில் வந்து சேர்கிறது.

பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கிவிடும். இடையிடையே களிமண் கலந்த அடுக்கு வரும்போது அதற்குக் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் ஓடி, மலைச்சரிவில் ஊற்றாக வெளியே வரும். பத்தீரைச் சுற்றி அப்படி ஏழு ஊற்றுகள் இருப்பதாகச் சொல்வார்கள். பெரியது ஊருக்குள்ளேயே இருக்கும் அய்ன் அல்-பலத். வருஷத்தில் பாதிக்கு மேல் மழையே இல்லாத மலைநாட்டில் ஊற்று இருக்கும் இடத்தில்தான் ஊர் இருக்கும்.

#3 தண்டவாளம்

ரயில் என்றதும் ஓடி வந்துவிட்டேன் :)

யாஃபா–எருசலேம் ரயில் பாதை. 1892 செப்டம்பரில் திறந்தார்கள். ஒட்டோமான் அரசின் அனுமதியை எருசலேம்காரரான யோசேப் நவோன் வாங்கினார், பிறகு ஒரு பிரெஞ்சு நிறுவனம் எடுத்துக் கட்டியது. சுமார் 87 கிலோமீட்டர். நம்ம ஊர் பழைய மீட்டர் கேஜ் இருந்ததே, அதே ஒரு மீட்டர் அகலம். முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் அதை அகலப்படுத்தினார்கள்.

மலை ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. நூலகப்பூச்சி சொன்ன அந்தப் பள்ளத்தாக்கின் அடியில்தான் பாதை வளைந்து வளைந்து போகும். ஓடை எங்கே திரும்புகிறதோ அங்கே தண்டவாளமும் திரும்பும். வேகமே எடுக்க முடியாது. எருசலேமுக்கு முன்னால் கடைசி நிலையம் எது என்று நினைக்கிறீர்கள்? பத்தீர்.

இது ஊரின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. காய்கறியைக் கழுதை மேல் ஏற்றி மலையேறிக்கொண்டிருந்த ஊர். இப்போது காலை ரயிலில் கூடையோடு ஏறினால் எருசலேம் சந்தை. பத்தீர்ப் பெண்கள் அங்கே காய்கறி விற்பது பிரிட்டிஷ் காலம் முழுக்க வழக்கமாயிருந்தது. 1945 கணக்கில் ஊரில் ஆயிரம் பேர்தான். ஆனால் ஒரு பெருநகரச் சந்தையோடு நேரடித் தொடர்பு.

ஆகவே மலைப்பாதை அண்ணாவின் கட்சிக்கு என் ஓட்டு.

#4 நூலகப்பூச்சி

தண்டவாளம் தம்பி, ஓட்டுப் போடுவதற்கு முன்னால் 1948-ஐப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இஸ்ரேல் உருவானதை ஒட்டி வந்த அரபு–இஸ்ரேல் போர் நெருங்கியதும் பத்தீரிலிருந்து பெரும்பாலானோர் வெளியேறிவிட்டார்கள். ஊர் கிட்டத்தட்ட காலி. அப்போது அங்கே தங்கிவிட்ட ஒருசிலருக்குத் தலைமையாக இருந்தவர் ஹசன் முஸ்தஃபா (1914–1961). ஆசிரியர், எழுத்தாளர், வெளியுலகம் தெரிந்தவர். அந்தச் சிலர் என்ன செய்தார்கள் என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. ராத்திரியில் காலி வீடுகளுக்குள் போய் விளக்கேற்றி வைப்பார்களாம். பகலில் கொடிகளில் துணி காயப்போடுவார்களாம். எதிரே மலையில் நின்று பார்க்கிறவனுக்கு ஊரில் ஆள் நிறைய இருப்பதுபோலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். காலி ஊர் என்று தெரிந்தால் உள்ளே வந்துவிடுவார்கள் இல்லையா.

அப்புறம் 1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவில் இஸ்ரேல்–ஜோர்டான் போர்நிறுத்த ஒப்பந்தம். இஸ்ரேலுக்கு எருசலேம் ரயில் வேண்டும். பாதையோ பத்தீரின் காலடியில். இஸ்ரேல் தரப்பில் மோஷே தயான், ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல். இடையில் ஊருக்காகப் பேசியவர் ஹசன் முஸ்தஃபா. முடிவு: ரயில் பாதை இஸ்ரேலுக்கு. ஊர்க்காரர்கள் திரும்பி வரலாம், கோட்டுக்கு அப்பால் இருக்கும் நிலமும் அவர்களுக்கே. பதிலுக்கு ரயிலுக்கு எந்தச் சேதமும் வராமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு.

ரயிலா காப்பாற்றியது? ஆள் காப்பாற்றினார் என்பேன் நான்.

#5 கல்லடுக்கு

//ஆள் காப்பாற்றினார் என்பேன் நான்.//

ஐயா, மன்னிக்கவும், இதில் கொஞ்சம் வீரர் வழிபாடு இருக்கிறது. பக்கத்து ஊர் அல்-வலஜாவைப் பாருங்கள். பத்தீரிலிருந்து கூப்பிடு தூரம். அதே பள்ளத்தாக்கு, அதேபோல ஊற்று, அதேபோல கல்கட்டுத் தோட்டம். 1948 அக்டோபரில் அந்த ஊர் இஸ்ரேல் படையிடம் பிடிபட்டது. கோடு போட்டபோது நிலத்தில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எழுபது சதவீதம், அந்தப் பக்கம் போய்விட்டது. மக்கள் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் மிச்சமிருந்த நிலத்தில் புதிதாக வலஜாவைக் கட்டிக்கொண்டார்கள். 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைப் பிடித்த பிறகு அதிலும் ஒரு துண்டு எருசலேம் மாநகராட்சி எல்லைக்குள் இழுக்கப்பட்டது. இப்போது இஸ்ரேல் கட்டிய தடுப்புச்சுவர் அந்த ஊரைச் சுற்றிவளைத்திருக்கிறது. அவர்களுடைய ஊற்றே சுவருக்கு அந்தப் பக்கம்.

வலஜாவில் சாமர்த்தியசாலிகள் இல்லையா? இருந்திருப்பார்கள். பேரம் பேச வேண்டுமென்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பத்தீர் மக்கள் இன்னும் ஊரில் இருந்தார்கள், ரயில் அவர்களுடைய வாசலில் ஓடியது. அதனால்தான் அவர்களிடம் பேச வேண்டிய தேவை வந்தது.

#6 நூலகப்பூச்சி

கல்லடுக்கு, நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது பாருங்கள். "இன்னும் ஊரில் இருந்தார்கள்". யாரால்?

#7 கல்லடுக்கு

சரி, அதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி தண்டவாளத்துக்கு.

#8 திராட்சைத்தோட்டம்

சுவாரசியமாகப் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் திருப்பயணக் குழுவோடு பெத்லகேம் போயிருக்கிறேன். பிறப்பிட ஆலயம், மேய்ப்பர் வயல், ஒலிவமரச் சாமான் கடை, உடனே பேருந்து. இப்படி ஓர் ஊர் பக்கத்தில் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. பார் கோக்பா கலகத்தின் கடைசிக் கோட்டை பெத்தார் என்று படித்திருக்கிறேன். அது இந்த இடம்தானா?

#9 நூலகப்பூச்சி

ஆமாம், இதே இடம்தான். கி.பி. 132-ல் ஷிமோன் பார் கோசெபா (பார் கோக்பா என்று பெயர் பெற்றவர்) தலைமையில் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தார்கள். பேரரசர் ஹாட்ரியன் பிரிட்டனிலிருந்து யூலியஸ் செவெரஸ் என்ற தளபதியை வரவழைத்தார். 135-ல் பெத்தார் விழுந்தது, கலகம் முடிந்தது. அதை ஒட்டித்தான் யூதேயா மாகாணத்தின் பெயர் சிரியா பாலஸ்தீனா என்று மாறியது.

இன்றைய ஊரை அடுத்து ஒரு குன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை கிர்பெத் எல்-யஹூத், அதாவது யூதர் இடிபாடு, என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். மூன்று பக்கமும் செங்குத்தான பள்ளம். தெற்கே மட்டும் ஒரு குறுகிய கழுத்து மலைத்தொடரோடு இணைக்கிறது. தற்காத்துக்கொள்ள அருமையான இடம், ஆனால் ஊற்று கீழே. முற்றுகை போட்டவர்கள் யார் என்பதற்கு அந்த ஊற்றுப் பக்கமே சாட்சி இருக்கிறது: ஐந்தாம் மாசிடோனியப் படை, பதினோராம் கிளாடியப் படை இரண்டின் பெயரும் வெட்டிய ரோமக் கல்வெட்டு. குன்றைச் சுற்றி ரோமர் போட்ட முற்றுகைச் சுவரின் தடமும் தெரிகிறது. 1984-ல் டேவிட் உஸ்ஸிஷ்கின் அகழ்ந்தபோது அவசர அவசரமாக எழுப்பிய மதிலும் கவண்கற்களும் கிடைத்தன.

இரத்தம் குதிரையின் மூக்கு மட்டும் ஓடியது என்ற வர்ணனையெல்லாம் யூத மரபு இலக்கியத்தில் வருவது. அதைப் போர்க்கள அறிக்கையாகப் படிக்கத் தேவையில்லை.

#10 நெறியாளர்

இதற்குக் கீழே வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "யார் முதலில் வந்தது" சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அது ஏற்கெனவே போதுமான அளவு நாறிவிட்டது. இங்கே பத்தீர் பற்றி மட்டும்.

#11 மடைக்காரன்

எல்லோரும் கோட்டையும் ரயிலும் பேசுகிறீர்கள். நான் பாசன வேலையில் காலம் தள்ளியவன், எனக்குத் தண்ணீர்தான் கண்ணில் படுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தீர் நிலம் இரண்டு வகை. மேலே, மக்ரூர் பக்கம், மானாவாரி. ஒலிவமரம், திராட்சை, அத்தி, வாதுமை. மழையை நம்பி நிற்பவை. ஊருக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் பாயும் பகுதிக்கு அல்-ஜினான் என்று பெயர். அங்கே காய்கறி. அரங்கத்துப் படி மாதிரி தட்டுத் தட்டாகத் தண்டவாளம் வரை இறங்கும். ஒவ்வொரு தட்டையும் தாங்குவது சாந்து வைக்காமல் அடுக்கிய கல்கட்டு. சாந்து இல்லாததுதான் அதன் சூட்சுமம். மழை கொட்டும்போது மண்ணுக்குள் சேரும் தண்ணீர் கல் இடுக்கு வழியாகக் கசிந்து போய்விடும், சுவர் மேல் அழுத்தம் ஏறாது.

அய்ன் அல்-பலத் ஊற்று பாறையைக் குடைந்த வாயிலிருந்து வருகிறது. அந்த வேலைப்பாடு ரோமர் காலத்தது என்று கருதுகிறார்கள். தண்ணீர் ராத்திரி முழுக்க ஒரு குளத்தில் சேரும். காலையில் முறைக்காரர்கள் குளத்தருகே கூடுவார்கள். குளத்துக்குள் ஒரு குச்சியை இறக்கி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த உயரத்தைப் பங்குகளாகப் பிரித்து, இன்னாருக்கு இந்தக் கோடு வரை என்று முடிவாகும். பிறகு வாய்க்காலைத் திறந்துவிட்டு, ஒருவர் தட்டு நனைந்ததும் அடைத்து அடுத்தவர் பக்கம் திருப்ப வேண்டியதுதான்.

ஏன் குச்சி? மணிக்கணக்கில் பிரித்தால் என்ன? இதை யோசித்துப் பாருங்கள். கோடையில் ஊற்று இளைத்துவிடும். "உனக்கு இரண்டு மணி நேரம்" என்றால், அந்த இரண்டு மணியில் வருகிற தண்ணீர் மாசத்துக்கு மாசம் மாறும், முதலில் பாய்ச்சியவனுக்கும் கடைசியில் பாய்ச்சியவனுக்கும் வேறு வேறாக இருக்கும். குளத்தில் நிற்கிற தண்ணீரையே அளந்து பிரித்தால் இருப்பதைத்தான் பிரிக்கிறோம். குறைந்தால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். சண்டைக்கு இடமில்லை.

இன்னொன்று. ஊரில் பெரிய குடும்பங்கள் எட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள். அதனால் "பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்" என்று சொல்வார்கள். பலர் இதை வேடிக்கையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஏழு குடும்பம் என்றிருந்தால் ஒரே குடும்பத்துக்கு எப்போதும் வெள்ளிக்கிழமையே வரும். தொழுகை நாள், விருந்தாளி வரும் நாள். எட்டு என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முறை ஒரு கிழமை தள்ளும். இன்றைக்குச் சனி என்றால் அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்தது திங்கள். ஐம்பத்தாறு நாளில் எல்லோருக்கும் எல்லாக் கிழமையும் ஒரு தடவை வந்துவிடும். திட்டம் போட்டுச் செய்தார்களோ குடும்ப எண்ணிக்கை அப்படி அமைந்ததோ, ஏற்பாடு கச்சிதம்.

என்னைக் கேட்டால் ஊரைக் காப்பாற்றியது ரயிலும் இல்லை, தனி ஆளும் இல்லை. தண்ணீருக்காகத் தினமும் கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகிய ஊர். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் 'ரயிலுக்கு யாரும் கல் எறிய மாட்டோம்' என்று ஊர் முழுக்க ஒரே வாக்குக் கொடுத்து அதை அத்தனை வருஷம் காப்பாற்றியிருக்க முடியுமா?

#12 மலைப்பாதை

மடைக்காரன் ஐயா, அந்தக் கடைசிப் பத்தியை இந்த இழையிலேயே முக்கியமானதாக வைத்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு ரயில் தினமும் போகிறது. ஒரு கோபக்கார இளைஞன் போதும், எல்லாம் கெட்டுப்போக.

#13 அமுதா கோவை

காய்கறி காய்கறி என்கிறீர்கள், என்ன காய் என்று யாருமே சொல்லவில்லையே!

#14 மடைக்காரன்

கத்திரிக்காய் அம்மா. பத்தீரிக் கத்திரிக்காய் என்றே தனிப் பெயர், சந்தையில் தனி மதிப்பு. நீளமாக, மெலிசாக இருக்கும். உள்ளே குடைந்து சோறும் கொத்திய இறைச்சியும் திணித்து வேகவைக்கும் மஹ்ஷி செய்வதற்கு அதைத்தான் தேடுவார்கள்.

#15 அமுதா கோவை

குடைவதற்குத் தனியாகக் கருவி இருக்கிறதா ஐயா? எனக்குக் கத்தியில் செய்தால் பாதிக் காய் கிழிந்துவிடுகிறது.

#16 மடைக்காரன்

இருக்கிறது. நீளமான குழிவான அலகு, ஒரு பிடி. சுழற்றிக்கொண்டே உள்ளே இறக்க வேண்டும். அரபு நாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும், வளைகுடாவில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

#17 சந்தேகப்பிராணி

யுனெஸ்கோ விஷயத்தை ஏன் எல்லோரும் பக்குவமாகத் தாண்டிப் போகிறீர்கள்? 2014-ல் தோஹா கூட்டத்தில் இந்த நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தார்கள். "ஒலிவமும் திராட்சையும் விளையும் நாடு" என்ற தலைப்போடு, பெத்லகேம் பிறப்பிடத்துக்கு (2012) அடுத்து பாலஸ்தீனத்தின் இரண்டாவது இடம். ஆனால் மதிப்பீடு செய்யும் நிபுணர் அமைப்பான ஐகோமாஸ் இதைப் பரிந்துரைக்கவில்லை. மத்தியதரைப் பகுதி முழுக்கக் கல்கட்டு வயல் இருக்கிறது, இது எந்த விதத்தில் தனி என்று ஒப்பிட்டுக் காட்டியது போதாது என்பது அவர்கள் நிலை. அதை மீறி ரகசிய வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அவசர நடைமுறையில், அதே மூச்சில் 'ஆபத்தில் உள்ள இடங்கள்' பட்டியலிலும் சேர்த்தார்கள். இது அரசியல் இல்லாமல் வேறென்ன?

#18 கல்லடுக்கு

அரசியல்தான் சார், யார் இல்லை என்றது? ஆபத்தும் அரசியல்தானே. சுவர் கட்ட வரைபடம் போட்டாயிற்று, புல்டோசர் வருமா வராதா என்று நிற்கும்போது வழக்கமான வரிசையில் காத்திருக்கச் சொல்ல முடியுமா? பட்டியலில் ஏறியது சுமார் 350 ஹெக்டேர். சின்ன இடம்தான்.

தவிர, 2011-லேயே இதே நிலப்பரப்பைப் பாதுகாத்ததற்காக யுனெஸ்கோவின் மெலினா மெர்கூரி விருது பத்தீருக்குக் கிடைத்திருக்கிறது. ஆக, திடீரென்று 2014-ல் முளைத்த ஊர் இல்லை.

#19 சந்தேகப்பிராணி

விருது விஷயம் சரி. ஆனால் நிபுணர்கள் சொன்னதை மீறியது நாளைக்கு எந்த நாடும் காட்டும் முன்னுதாரணம் ஆகும் என்பதில் நான் மாறவில்லை.

#20 தண்டவாளம்

சுவர் பற்றிப் பேச்சு வந்ததால் ரயில்காரன் மறுபடியும் உள்ளே வருகிறேன். ஏனென்றால் இது நம் கட்சிக்கே பாதகமான பகுதி, மறைக்கக் கூடாது.

தடுப்புச்சுவரை பத்தீர் வழியாகக் கொண்டுபோகத் திட்டம் போட்டபோது ராணுவம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ரயிலின் பாதுகாப்பு. தண்டவாளத்தை ஒட்டிச் சுவர், ஊர்க்காரர்கள் தோட்டம் அந்தப் பக்கம். 1949-ல் எந்த ரயிலுக்காக நிலத்தை விட்டுவைத்தார்களோ அதே ரயிலைக் காட்டித்தான் பிரிக்க வந்தார்கள்.

ஊர் நீதிமன்றம் போனது. 'பூமியின் நண்பர்கள் – மத்திய கிழக்கு' அமைப்பு 2012-ல் தனியாக மனுப் போட்டது. இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் மூவரும் சேர்ந்து நடத்தும் சூழல் அமைப்பு அது. எதிர்பாராத இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதரவு வந்தது: இஸ்ரேலின் சொந்த இயற்கை, பூங்காக்கள் ஆணையம். சுவர் வந்தால் இந்தக் கல்கட்டு நிலம் சீரழியும் என்று தன் அரசின் திட்டத்துக்கு எதிராகவே கருத்துச் சொன்னது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை நிறுத்திவைத்தது.

#21 மடைக்காரன்

அந்த ஆணையம் சொன்னது வெறும் அழகுக்காக இல்லை. மேலே சொன்ன சாந்தில்லாத சுவருக்கு ஒரு பலவீனம் உண்டு, ஆள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். குளிர்கால மழையில் ஏதாவது ஓர் இடத்தில் கல் சரியும். உடனே எடுத்து அடுக்கிவிட்டால் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் அந்த ஓட்டை வழியாக மண் இறங்கும், கீழ்த்தட்டு வாய்க்கால் மூடும், அதற்குக் கீழே உள்ள சுவரும் போகும். தோட்டக்காரனை வாயிற்கதவு, அனுமதிச் சீட்டு என்று நிற்கவைத்தால் அவன் கல் எடுத்து வைக்கப் போக மாட்டான். இடிக்கவே வேண்டாம், தானாக இடியும்.

இப்போதே மேலே பல தட்டுகள் தரிசு. கத்திரிக்காய் விற்பதைவிடக் கட்டட வேலைக்குப் போனால் கூலி அதிகம். அதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் பழியையும் சுவர்மேல் போட முடியாது.

#22 திராட்சைத்தோட்டம்

இப்போது நிலைமை என்ன? 2015-க்குப் பிறகு நிம்மதியா?

#23 கல்லடுக்கு

நிம்மதி எங்கே. 1990-களில் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த ஓஸ்லோ ஏற்பாட்டில் ஊரின் வீடுகள் இருக்கும் பகுதி 'பி', அதாவது ஊர் நிர்வாகம் பாலஸ்தீனர் கையில், பாதுகாப்பு இஸ்ரேல் கையில். சுற்றியுள்ள வயலும் மலையும், ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, 'சி'. அதாவது கட்டட அனுமதி முதல் காவல் வரை முழுக்க இஸ்ரேல் ராணுவ நிர்வாகம். ஒரு கொட்டகை போட வேண்டும் என்றாலும் அனுமதி வேண்டும், கிடைப்பது அரிது. பக்கத்து மலையில் ஹர் கிலோ என்ற இஸ்ரேலியக் குடியேற்றம் ஏற்கெனவே இருக்கிறது. 2024-ல் இஸ்ரேல் அரசு நஹல் ஹெலெட்ஸ் என்ற புதுக் குடியேற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்குக் குறித்த இடம் யுனெஸ்கோ பட்டியலிட்ட நிலத்திலேயே வருகிறது. சுவர் கீழே தண்டவாளத்தருகே வரப் பார்த்தது, இது மேலே மக்ரூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது.

#24 தண்டவாளம்

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1949 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிய ரயில் பத்தீரில் நிற்கவே இல்லை. நிலையம் இருந்த ஊர் வெறுமனே ரயில் கடந்து போகிற ஊர் ஆகிவிட்டது, எருசலேம் சந்தையும் போயிற்று. 2018-ல் டெல் அவீவ்–எருசலேம் அதிவேகப் பாதை வேறு வழியில் சுரங்கம் குடைந்து வந்துவிட்டது. பழைய மலைப்பாதையில் பயணிகள் சேவையை 2020-ல் நிறுத்தினார்கள்.

அப்படியென்றால், "ரயிலைப் பார்த்துக்கொள், நிலத்தை வைத்துக்கொள்" என்ற பேரத்தில் இப்போது ரயிலே இல்லை. மலைப்பாதை அண்ணா, ரயில்தான் காப்பாற்றியது என்றால் இனிமேல் எது காப்பாற்றும்?

#25 மலைப்பாதை

தெரிந்தேதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் :) என் பதில் இது. 1949-ல் ரயில் ஒரு பேரப்பொருளாக இருந்தது, அந்த வேலையை அது அப்போதே செய்து முடித்துவிட்டது. 2012-ல் மனுப் போட்ட வழக்கில் எடுபட்டது தண்டவாளம் இல்லை, கல்கட்டும் வாய்க்காலும்தான். மடைக்காரன் ஐயா சொன்ன குச்சியும் முறையும் ஆவணமாக மேசைமேல் போனது. ஹசன் முஸ்தஃபாவுக்குப் பிந்திய தலைமுறைக்குப் பேரப்பொருள் மாறியிருக்கிறது. ஆனால் கல்லடுக்கு சொன்ன 2024 விவகாரத்தில் அது எடுபடுமா என்றால், நான் அவ்வளவு நம்பிக்கையோடு இல்லை. நீதிமன்றத்தில் ஒரு பூங்கா ஆணையம் கூட நிற்கும் காலம் ஒன்று, அமைச்சரவையே குடியேற்றத்துக்குக் கையெழுத்துப் போடும் காலம் வேறு.

#26 நூலகப்பூச்சி

ஹசன் முஸ்தஃபா பெயர் வந்ததால் ஒரு வரி. 1949-க்குப் பிறகு அவர் ஓய்ந்துவிடவில்லை. எருசலேம் வழி அடைபட்டதால் பெத்லகேமுக்குச் சாலை போட ஊரைத் திரட்டினார். பெண்களுக்குப் பள்ளி வந்ததும் அவர் முயற்சியில்தான். 47 வயதுக்குள் போய்விட்டார், இன்னும் இருந்திருக்க வேண்டியவர்.

#27 அமுதா கோவை

செயற்கைக்கோள் படத்தில் தேடினேன், ஒன்றும் புரியவில்லை. எல்லாம் பழுப்பு மலையாகத் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

#28 தண்டவாளம்

பெத்லகேமிலிருந்து மேற்கே நகருங்கள். ஒரு பள்ளத்தாக்கின் அடியில் மெல்லிய கோடு பாம்பு மாதிரி வளைந்து போகும், அது தண்டவாளம். அதன் தென் பக்கம் நெருக்கமாக வீடுகள் தெரியும் இடம் பத்தீர். வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மற்ற இடத்தைவிடப் பச்சையாக, கோடு கோடாக ஒரு விசிறி தெரிந்தால் அதுதான் அல்-ஜினான். கோடைகாலப் படம் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும், சுற்றிலும் காய்ந்திருக்கும் அல்லவா. வீடுகளுக்கு மேற்கே மொட்டையான ஒரு குன்று, அது நூலகப்பூச்சி ஐயா சொன்ன கிர்பெத் எல்-யஹூத்.

#29 அமுதா கோவை

கண்டுபிடித்துவிட்டேன்! விசிறி நன்றாகத் தெரிகிறது. குளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#30 மலைப்பாதை

நெறியாளருக்கு: வலஜா பற்றி கல்லடுக்கு தனி இழை தொடங்குவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். #5-ஐ அங்கேயும் நகலெடுத்துப் போட அனுமதி வேண்டும்.

#31 நெறியாளர்

போடலாம். 'எல்லைகளும் ஊர்களும்' பகுதியில் தொடங்குங்கள்.